மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே

தணிக்கை அலுவலகத்தின் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுபோனது. அதற்குள் இருந்த பெண் ஏழு வருடம் வெளியே வரவில்லை. மின்சாரம் இருந்தது, விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. பராமரிப்பு ஒப்பந்தம் மட்டும் முந்தின நாள் மாலையோடு முடிந்திருந்தது. பழைய மெக்கானிக் அரக்கப் பரக்க ஓடிவந்து சாவியைப் போட்டார். நேற்றுவரை திரும்பிய சாவி இன்று திரும்பவில்லை. தீயணைப்புக்காரர்களின் கடப்பாரை மெழுகுபோல வளைந்தது. "ஒப்பந்தம் இல்லாத கைக்கு இது திறக்காது சார்," என்றார் மெக்கானிக், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில். கதவு உள்ளங்கை அகலத்துக்கு விலகி நின்றது. நான்காம் மாடித் தரையில் குனிந்து உட்கார்ந்தால் அவள் முகமும் ஒரு கையும் தெரியும்.

அவள் அந்த அலுவலகத்தின் தணிக்கையாளர். அங்கே எது வாங்கவேண்டும் என்றாலும் கையெழுத்துப் போடும் கொள்முதல் அதிகாரி அவள் கணவர். ஆபத்துக் காலத்தில் டெண்டர் இல்லாமலே யாருக்கும் வேலை கொடுக்கலாம் என்று விதியில் இடம் உண்டு. அவர் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் அன்று மதியமே அவள் வெளியே வந்து சாப்பிட்டிருப்பாள். பேனாவை எடுத்தவர், இருபது வருடப் பழக்கத்தில், "உள்ளே இருப்பவர் என் மனைவி, ஆகவே இதில் நான் முடிவெடுப்பது முறையல்ல" என்று எழுதிக் கோப்பை மேலே அனுப்பிவிட்டார். மேலே இருந்தவர்களும் கையெழுத்துப் போடவில்லை. ஆம்புலன்ஸுக்கு டெண்டர் போடாமல் டயர் வாங்கிய ஒரு மருத்துவமனையை அந்த அலுவலகம் அந்த வாரம்தான் கிழிகிழி என்று கிழித்திருந்தது. அந்த ஆட்சேபணையை எழுதியவளே உள்ளேதான் இருந்தாள்.

"நான் எழுதினதுங்க அது," என்றாள் இடுக்கு வழியாக. "எனக்குன்னு வந்தா மட்டும் மாத்திக்கிறதா? டெண்டரே போடுங்க. எத்தனை நாள் ஆயிடும்?"

டெண்டர் போட்டார்கள். முதல் தடவை ஒரே ஒரு உறைதான் வந்தது. ஒற்றை ஆளுக்குக் கொடுக்கக்கூடாது என்று ரத்து. அடுத்த தடவை இரண்டு வந்தன. இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே எழுத்துப்பிழை. மாமனும் மச்சானும் பேசிவைத்துப் போட்டது என்று தெரிந்து அதுவும் ரத்து. மூன்றாவதில் நிபந்தனையெல்லாம் சரியாக அமைந்தது. தோற்றவர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கிவிட்டார். பழைய லிஃப்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அதற்கும் டெண்டர்தான் என்று இன்னொருவர் சொன்னதும் எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

அவள் உள்ளே இருந்தபடியே வேலை பார்த்தாள். கோப்புகள் இடுக்கு வழியாகப் போய்த் திரும்பின. வருடாந்தரச் சம்பள உயர்வும் தவறவில்லை. பசி மட்டும் வந்தது, சாப்பாடும் அதே இடுக்கு வழியாக வந்தது. வேறு அவஸ்தை எதுவும் அவளுக்கு வரவில்லை. கடைநிலை ஊழியர் தினமும் "மேடம், இன்னிக்காவது வெளிய சுத்திட்டு வரலாமே" என்று கிண்டல் பண்ணுவார். அவளும் "லீவு இல்லைப்பா" என்பாள். வேலை முடிந்ததும் கணவர் கைக்குட்டையை விரித்துத் தரையில் உட்கார்ந்து, அந்த ஒரு கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக் கதையெல்லாம் சொல்வார். அவர் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

அவள் மாட்டிக்கொண்டபோது மகளுக்குப் பேச்சு திருந்தியிருக்கவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லியிருந்தார்கள். பென்சிலைக் கடித்தபடி மகள் கேட்டாள்: "அப்பா, அம்மாவுக்குக் கால் இருக்கா?"

"இருக்கு கண்ணு."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

அவர் அன்றே வக்கீல் வீட்டுக்குப் போனார். மறுநாள் வக்கீல் எழுதிக்கொடுத்த தாள்களோடு இடுக்கின் முன் உட்கார்ந்தார். அவள் படித்தாள். வெகுநேரம் படித்தாள். தணிக்கை செய்கிறவள் அல்லவா, ஒரு கமாவைக்கூடத் திருத்தினாள்.

"நீ என் பொண்டாட்டியா இருக்கறவரைக்கும் என்னால கையெழுத்துப் போட முடியாது," என்றார் அவர்.

"தெரியுது. பேனாவக் குடுங்க." பிறகு, "இது மொத வருஷமே உங்களுக்குத் தோணலியா?" என்றாள்.

"தோணுச்சு."

அவள் கையெழுத்துப் போட்டுத் தாள்களை இடுக்கு வழியாக நீட்டினாள்.

கணவனும் மனைவியும் ஏழு வருடமாகத் தனித்தனியாக வாழ்கிறார்கள் என்பதில் நீதிபதிக்குச் சந்தேகமே எழவில்லை. விவாகரத்து கிடைத்தது. அவர் அவசரக் கொள்முதல் படிவத்தை எடுத்தார். பயனடைபவர் உமக்கு உறவா என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினார். அந்த ஒரு சொல்லை எழுத அவருக்கு ஒரு காலைப்பொழுது பிடித்தது. மை காய்ந்ததும் மெக்கானிக்கின் சாவி வெண்ணெயில் இறங்கியதுபோலத் திரும்பியது. அவள் மாடித் தரையில் ஏறி நின்றாள். மகள் முதலில் பார்த்தது பாதங்களைத்தான். உட்கார்ந்து தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

வாசலுக்கு வந்ததும் அவர் பழக்கத்தில் அவள் கைப்பையை வாங்கினார். விரல்கள் பட்டன. மாடியில் லிஃப்ட் தடாலென்று நின்றது. உள்ளே மாட்டிய கணக்கர் கத்துவது தெருவரை கேட்டது. அவர் கையை எடுத்தார், லிஃப்ட் நகர்ந்தது. மறுநாளும் அப்படியே நடந்தது. இவர்கள் மறுபடி உறவானால் அந்தக் கையெழுத்து செல்லாது, கையெழுத்து செல்லாவிட்டால் லிஃப்ட் ஓடாது. இதை அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை. இருவருக்கும் அதுதானே தொழில். அவள் அடுத்த தெருவில் ஒரு வீடு பார்த்துக்கொண்டாள்.

இப்போது அலுவலகம் விட்டதும் அவர் சாலையின் இந்த ஓரமாக நடக்கிறார், அவள் அந்த ஓரமாக. மகள் ஒருநாள் இவரோடு, ஒருநாள் அவளோடு. "மாத்திரை போட்டீங்களா?" என்று அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தமாகக் கேட்பாள். "போட்டாச்சு, போட்டாச்சு," என்பார் இவர். அந்தச் சாலையில் வழக்கமாகப் போகும் பேருந்து ஓட்டுநர்கள் ஹாரன் அடிப்பதில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை நிறுத்திவைத்திருந்து, பிறகு நடுவே புகுந்து போகிறார்கள்.