அமாந்தியு சொன்ன விலை

ஊர் திரும்புவதற்கு அமாந்தியு சொன்ன விலை ஒரு மலை.

"இத்தனை வருஷமா அதோட காலடியில பஸ் ஓட்டுறேன், ஜுல்மிரா. ஒரே ஒரு தடவை அது தலையில ஏறி நின்னுட்டாப் போதும். அடுத்த மாசமே மூட்டை கட்டிடலாம். சத்தியமா."

விலை மலிவு என்றுதான் அவளுக்குத் தோன்றியது. போர்ச்சுகலில், பார்சேலோஸ் வாரச் சந்தையில், துணிக்கடைப் பலகைக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவள் அவள். மலிவாக விலை சொன்னால் சரக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் சுவிட்சர்லாந்து ஹோட்டலின் சலவை அறையில் நாளெல்லாம் ஊரார் படுத்த விரிப்புகளை மடித்துவிட்டு வருபவளுக்கு எதையும் புரட்டிப் பார்க்கத் தெம்பில்லை. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

அது மூன்று வருடத்துக்கு முந்தைய பேச்சு.

முதல் வருடம் ஜூன் தொடக்கத்தில் கிளம்பினார்கள். மேலே பனி உருகவில்லை. பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. அடுத்த வருடம் அக்டோபர் கடைசி. கேபிள் காரைக் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். போன வருடம் ஆகஸ்ட் என்று முடிவானது. ஆகஸ்டில் ஊருக்குப் போகாத போர்த்துகீசியன் உண்டா? எல்லோரையும் போல அவர்களும் பிரான்சைக் குறுக்கே கடந்து போய், ஆசையாகக் கட்டிய வீட்டின் ஜன்னல்களைத் திறந்து, தூசி தட்டி, மூன்று வாரத்தில் மறுபடி அடைத்துவிட்டு வந்து சேர்ந்தார்கள்.

இத்தனைக்கும் திட்டம் போடுவதில் அமாந்தியுவை மிஞ்ச அந்தப் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடத்தை விரித்து, எந்த பஸ்ஸில் இறங்கி எந்த கேபிள் காரைப் பிடிப்பது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று நிமிடக் கணக்கு பேசுவான். சூப் ஆறிப்போகும். அவள் வரைபடத்தின் ஓரத்தை மடக்கித் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவாள்.

இந்த வருடம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. காட் மீன் உருண்டைகளும் ரொட்டியும் கட்டிக்கொண்டு, மஞ்சள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் அப்போதே வலித்தது. இந்தத் தடவை எதுவும் குறுக்கே வராது என்று நினைத்தாள்.

நாலாவது வளைவில் மாடுகள் வந்தன.

கோடை முழுக்க மேலே மேய்ந்த மாடுகள் கீழே இறங்கும் நாள் அது. ரோட்டை அடைத்துக்கொண்டு, கழுத்து மணி குலுங்க, கல்யாண வீட்டுக்கு வருகிறவர்களைப் போல அவசரமில்லாமல் வந்தன. கொம்பில் பூ இல்லை. மேலே ஒரு மாடு செத்திருந்தால் அந்த வருடம் மந்தைக்கு வழக்கமாகச் சூட்டும் பூ கிடையாது.

"பாத்தியா, பூவில்லாம வருது," என்றான் அமாந்தியு. "சகுனமே சரியில்ல."

பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் ரேட்டோ திரும்பிப் பார்த்தான். அமாந்தியுவோடு ஒரே டிப்போவில் வேலை பார்ப்பவன்.

"அண்ணே, நீயா இன்னைக்குக் கிளம்புனே? போன வருஷம் இதே நாள், இதே வளைவுல, மாட்டு வாலைப் பாத்துக்கிட்டு நின்னது யாரு? 'மாடு இறங்குற சனிக்கிழமை இந்த ரோட்டுல புத்தியுள்ளவன் வருவானா'ன்னு வயர்லெஸ்ல கத்துனியே. டிப்போவே கேட்டுச்சு!"

"உன் வேலையப் பாருடா," என்றான் அமாந்தியு. காது சிவந்திருந்தது.

அப்பா கடையின் முகப்பில் தொங்கிய பூ வேலைப்பாட்டு விரிப்பு ஜுல்மிராவின் நினைவுக்கு வந்தது. அது விற்பனைக்கல்ல, ஆள் இழுப்பதற்கு. யாராவது கேட்டால் விற்க மாட்டேன் என்று அப்பா சொல்லவே மாட்டார். சிரித்த முகமாக ஒரு விலை சொல்வார். கேட்டவர்கள் நகர்ந்துவிடுவார்கள்.

பனி எப்போது உருகும், கேபிள் கார் எப்போது நிற்கும், மாடு எப்போது இறங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூன்று வருடம் தப்பாமல் தப்பு நாளாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான். கோபம் வரவேண்டும். வரவில்லை. மடித்த விரிப்பெல்லாம் மறுபடி அழுக்காகித் திரும்பி வந்ததுபோல ஒரு அலுப்புத்தான் வந்தது.

கேபிள் காரில் ஏறி, அங்கிருந்து நடந்து, மலைக்குடிலை எட்டும்போது மதியம் தாண்டிவிட்டது. வாசலில் சிகரத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று மஞ்சள் பலகை காட்டியது. அமாந்தியு கடிகாரத்தைப் பார்த்தான். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டான். அதிலும் அவன் கெட்டிக்காரன்.

"ஏறி இறங்கினா கடைசி கேபிள் கார் போயிடும். ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த வருஷம் ஜூலையில..."

"நீ உக்காரு," என்றாள்.

"எங்கே போறே?"

"நீ சொன்ன விலையக் குடுக்க."

"முழங்காலை வெச்சுக்கிட்டா? பைத்தியமா உனக்கு?"

"உன் திட்டத்தைக் கேட்டுக் கேட்டு காதுக்குத்தான் வலி. காலு பரவாயில்ல, மனுசா."

மேலே போகப் போகக் கல்லும் சரளையுமாக இருந்தது. வழுக்காத இடம் பார்த்துக் கால் வைத்தாள், நின்றாள், மூச்சு வாங்கினாள், அமாந்தியுவைத் திட்டினாள், மறுபடி கால் வைத்தாள். மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடியது. உச்சியில் இரும்புச் சிலுவை ஒன்றும் அதில் ஒரு மணியும் இருந்தன. பார்க்க வேறு எதுவும் இல்லை. இதற்கா இத்தனை நாள் என்று இருந்தது. கயிற்றைப் பிடித்து ஒருதரம் இழுத்தாள். பிறகு கீழே இருப்பவன் மாட்டு மணி என்று சமாதானம் சொல்லிக்கொள்வானோ என்று, நன்றாக உலுக்கி அடித்தாள்.

இறங்கி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கேபிள் கார் எப்போதோ போய்விட்டது. குடிலில், பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, குடிலின் இரவல் செருப்போடு, இரண்டு தட்டு சூப்புக்கு முன்னால் அமாந்தியு உட்கார்ந்திருந்தான். ஒருநாள் சந்தையில் ஒரு பெண் பேரமே பேசாமல் அந்த விரிப்புக்குக் கேட்ட பணத்தை எடுத்து வைத்தபோது அப்பா முகம் எப்படி இருந்ததோ, அப்படி இருந்தது அவன் முகம்.

"மணி கேட்டுச்சு," என்றான்.

"கேக்கணும்னுதான் அடிச்சேன்."

"நீதானே ஏறுனே. நான் ஏறலையே."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு." கரண்டியைத் தட்டில் உருட்டினான். "நாம கட்டுன வீட்டுல கரண்டி எந்த டிராயர்ல இருக்குன்னு எனக்குத் தெரியாது, ஜுல்மிரா. ஊர்ல என்னைய 'ஸ்விஸ்காரன்'னுதான் கூப்பிடுறாங்க. இங்க 'போர்த்துகீசியன்'. ஆனா இந்த ரோட்டுல ஒவ்வொரு வளைவுக்கும் என் கை தெரியும். அங்க போய் நான் என்ன பண்ணுவேன்? ஜன்னலைத் திறந்து திறந்து மூடவா?"

"இதை மூணு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அழுவே."

"இப்ப அழக்கூடத் தெம்பில்ல." சூப்பை இழுத்து வைத்துக்கொண்டாள். "ஊரான் விரிப்பு துவைச்சே என் கை தேஞ்சிடுச்சு. எனக்கு என் விரிப்புல படுக்கணும். மார்ச்சுல நான் போறேன். நீ வந்தா வா. கரண்டி ரெண்டாவது டிராயர்."



குடிலை நடத்தும் உர்சினா ரொட்டிக் கூடையோடு வந்தாள். "மேல பொதுப் படுக்கையில ரெண்டு இடம் இருக்கு. காலையில என்ன, கீழே இறங்குறீங்களா?"

ஜுல்மிரா புருஷனைப் பார்த்தாள். "இங்கேருந்து உச்சிக்கு ஒன்றரை மணி நேரம். பஸ் இல்ல, மாடு இல்ல, கயிறு இல்ல. இனி என்ன சாக்கு சொல்லுவே?"

"எத்தனை மணி பஸ்ஸுக்குக் கீழே போகணும்?" என்று உர்சினா அவனைக் கேட்டாள். அந்தப் பள்ளத்தாக்கில் பஸ் நேரம் கேட்பதென்றால் அவனைத்தான் கேட்பார்கள்.

"தெரியல," என்றான் அமாந்தியு. "எது வருதோ அது."

அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிய பிறகு எழுந்து வாசலுக்குப் போனான். செருப்பு வரிசையிலிருந்து இருவருடைய பூட்ஸையும் தூக்கிக்கொண்டு, காய வைக்க அடுப்பருகே வந்தான்.

"என்னுது வேண்டாம்," என்றாள் ஜுல்மிரா, கண்ணைத் திறக்காமலே. "நான் குடுக்க வேண்டியதைக் குடுத்தாச்சு."

அவன் அவளுடையதைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்து, தன்னுடையதை மட்டும் நெருப்புப் பக்கம் திருப்பி வைத்தான்.