படிக்கட்டு வீட்டுக்கு ஒரு தள்ளுவண்டி

கண்டி மலைச்சரிவில், படியேறித்தான் போகவேண்டிய வீட்டுக்குக் கந்தோர் கிளார்க் வின்சன்ட், குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி ஒன்று வாங்கி வந்தான். நிறைமாதக்காரியான மனைவி றீற்றாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் கேட்டது பிள்ளைக்குத் துணி கிழிக்கப் பழைய வேட்டி. இத எந்தப் படியில உருட்டப் போறீங்க?”

“வாவிக்கரையில துரைமார் பிள்ளைங்க இதுலதான் போகுது. பழந்துணிய எல்லாம் நான்தான் எரிச்சேன். என் பிள்ளைக்குக் கந்தலா?”

துரையாகிவிட்ட நினைப்பு! முணுமுணுத்தபடி றீற்றா உள்ளே போனாள்.

ஞாயிறு பூசைக்குப் புறப்பட்டவன் அலுமாரியைக் குடைந்தான்.

“என் வெள்ளைச் சட்டைங்க எங்கடி?”

றீற்றா கொடியைக் காட்டினாள். சதுரம் சதுரமாகக் கிழித்த வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றில் சட்டைப்பைகூட அப்படியே இருந்தது.

“வண்டியத் தள்ளிக்கிட்டே கோயிலுக்குப் போங்க. சட்டை இல்லாதத யாரும் பாக்க மாட்டாங்க.”