கண்ணாடியோடு ஒட்டிய படம்

சவரிராயனுக்கு இருந்தது ஒரே படம். ஓட்டுநர் உரிமத்துக்காக எடுத்த சிறு படத்தை, அவர் தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து இறந்த பிறகு, சேலத்து ஸ்டுடியோ ஒன்றில் கறுப்பு வெள்ளையிலேயே பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த ஸ்டுடியோ இப்போது இல்லை, உரிமமும் இல்லை. திருமணப் படங்களிலோ மாலைகளுக்கு மேலே நெற்றியும் கண்களும் மட்டுமே தெரிந்தன. ஆகவே, பாப்பிரெட்டிப்பட்டிக்கு அருகில் அவருடைய மனைவி ராயம்மாளின் வீட்டுச் சுவரில் தொங்கிய அந்தப் படமே இருபத்தெட்டு ஆண்டுகளாக அவருடைய முகமாக இருந்துவந்தது.

நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்குள் கணவரின் கல்லறைக்குக் கருங்கல் பதித்து, அதில் அவர் முகத்தைப் பொறித்துவிட வேண்டும் என்று ராயம்மாள் முடிவு செய்திருந்தார். கல் பட்டறைக்காரர் தெளிவான படம் ஒன்றைக் கேட்டார். கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படத்தில் சன்னலின் வெளிச்சம் விழுந்து, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சன்னல் இருந்தது. சட்டத்தைக் கழற்றி எடுக்கலாம் என்று பார்த்தபோதுதான் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது தெரியவந்தது. தாளின் முதுகில் பூஞ்சை படர்ந்திருந்தது. ஊர் ஸ்டுடியோக்காரர், தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துத் தருவதாகவும், கிழிந்தால் தம்மைக் கேட்கக் கூடாது என்றும் சொன்னார். ராயம்மாள் அவர் கையிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். அன்று மாலையே தம்பி இனிகோவுக்குத் தொலைபேசியில் செய்தி போயிற்று.

"இனிமே இது வூட்ட வுட்டு வெளிய போவாது. வூட்டுல வெச்சே எடுக்கற மெஷின் எதாச்சும் இருந்தா எடுத்துக்கினு வா. இல்லன்னா கல்லுல பேர மட்டும் வெட்டிக்கலாம்."

இனிகோ அதியமான்கோட்டையில் குடியிருந்தார். தருமபுரியில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் கணக்கர். எந்தப் பொருளையும் அதனைப் பற்றி எழுதியிருப்பவற்றையெல்லாம் படித்த பின்பே வாங்கும் இயல்பினர். தட்டையான கண்ணாடிமீது தாளைக் கவிழ்த்து வைத்து எடுக்கும் ஸ்கேனரே பழைய படங்களுக்கு ஏற்றது, தாளை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை ஆகாது என்பது வரை அவர் படித்திருந்தார். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை புள்ளிகளை அது பதிவு செய்யும் என்ற எண் பெரிதாக இருந்தால் படம் தெளிவாக இருக்கும் என்றும் தெரிந்துகொண்டிருந்தார். அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டுதான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த மாதவராஜின் கணினிக் கடைக்குள் நுழைந்தார்.

"ரெண்டுதான் சார் இருக்குது," என்றார் மாதவராஜ். "இது புதுசு. பரிட்ச அட்ட மாதிரி இருக்கும். தனியா கரண்டு வேணாம், லேப்டாப்புல ஒரே வயர் சொருகுனா போதும்."

"அது?"

"அது பழசுங்க. ஒரு ஆபீஸ்ல மாத்துனாங்க, இங்க தள்ளிட்டுப் போயிட்டாங்க. தூக்குனா இடுப்பு புடிச்சிக்கும். நானே அதும்மேலதான் டீ வெச்சிக்கறேன்."

"போட்டோவுக்கு எது நல்லா வரும்?"

"எல்லாம் ஒண்ணுதாங்க சார். லைட்டு போவும், வரும். அவ்ளோதான்."

மெல்லியதன் பெட்டியில் அச்சிட்டிருந்த எண் பெரிதாக இருந்தது. இனிகோ அதையே வாங்கினார். வீட்டில் நிலப் பட்டாவை வைத்துப் பார்த்தார். முத்திரையின் மங்கிய எழுத்துகளும் படிக்க வந்தன. மகள் ஷைனியின் திருமணப் படத்தில் சேலையின் சரிகை இழை இழையாகத் தெரிந்தது. அவருக்கு மனநிறைவு உண்டாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மடிக்கணினியையும் ஸ்கேனரையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் புறப்பட்டார்.

ராயம்மாள் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்திருந்தார். இனிகோ வயரைச் சொருகும் நேரத்தில் அவர் உள்ளே போய் ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தார். ஈஸ்டருக்கு முந்திய இரவில் கோயிலில் மந்திரித்துத் தரும் தீர்த்தம் அது. அவ்வூரில் ஆண்டு முழுவதற்கும் அதை வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம்.

"நில்லுடா. புது மெஷின். தீர்த்தம் தெளிக்காம போடக் கூடாது."

"அக்கா, இது கரண்டுல ஓடறது."

"பக்கத்து வூட்டு பிரவீன் புது டிராக்டருக்கு ஃபாதரு வாளியோட வந்து தெளிச்சாரு. அதுல பேட்டரி இல்லியா?"

"அது ரோட்டுல மழையில போறது. இது நனையக் கூடாது."

"ஒரு சொட்டுக்குக் கெட்டுப்போற மெஷினையா தேடிப் புடிச்சி வாங்கிக்கினு வந்த?"

விரல் நுனியால் ஸ்கேனரின் மூடிமேல் தெளித்தார். அதே கைப்பழக்கத்தில், பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த படத்தின்மேலும் தெளித்தார். கண்ணாடியில் விழுந்த துளிகளுள் ஒன்று சவரிராயனின் நெற்றியிலிருந்து மெல்ல இறங்கியது, கன்னத்தைக் கடந்தது, சட்டத்தின் கீழ் விளிம்பைத் தொட்டது, பிறகு காணாமற் போயிற்று.

இனிகோ அது போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூரை ஒழுகியதில்லை. சுவரில் ஈரம் கசிந்ததில்லை. கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருந்த திரு இருதயப் படம் அதே சுவரில் அவ்வளவு ஆண்டுகள் இருந்தும் வெண்மை குன்றாமல் இருந்தது. சனிக்கிழமை மாலைதோறும் அக்காள் வாசலுக்குத் தெளிப்பார்; மாட்டுக்கொட்டகைக்குத் தெளிப்பார்; படுக்கையின் தலைமாட்டுக்குத் தெளிப்பார்; கடைசியாகக் கணவரின் படத்துக்குத் தெளித்து, நின்று ஒரு செபம் சொல்வார். அதை இனிகோ எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். துளிகள் எங்கே போகின்றன என்று அன்றுதான் பார்த்தார்.

அவர் உலர்ந்த துணியால் கண்ணாடியைத் துடைத்தார். மரச்சட்டத்தை மட்டும் கழற்றி, படம் ஒட்டியிருந்த கண்ணாடியை அப்படியே ஸ்கேனரின்மேல் கவிழ்த்தார். மூடி முழுவதும் மூடவில்லை; ஆகவே ஒரு கறுப்புப் போர்வையை மேலே போட்டு மறைத்தார். வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊர்ந்து போயிற்று.

திரையில் மூடுபனி வந்தது. அதற்குள் ஒரு தலை இருப்பது தெரிந்தது. இனிகோ புள்ளிகளின் எண்ணை முந்நூறிலிருந்து அறுநூறுக்கு ஏற்றினார். பிறகு ஆயிரத்து இருநூறுக்கு ஏற்றினார். மூடுபனிதான் பெரிதாயிற்று.

"பீடி புடிச்சா இப்படித்தான் இருப்பாரு," என்றார் ராயம்மாள். "ஆனா கல்லுல இத வெட்ட முடியாதில்ல?"

"முடியாது."

"அப்ப தண்ணியில ஊற வெச்சிப் பிரிச்சிரலாமா? முதுவு பூரா பூஞ்சக்காளான் வந்திருச்சி. இன்னும் ரெண்டு மழக்கி இது தாங்குமா?"

"கொஞ்சம் இரு அக்கா."

அவர் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து ஸ்கேனரில் வைத்தார்; எழுத்துகள் கூர்மையாக வந்தன. திரு இருதயப் படத்தின் கண்ணாடியை இரவல் வாங்கி, ஸ்கேனருக்கும் தாளுக்கும் இடையே அதை வைத்தார். அதே எழுத்துகள் பனியில் மூழ்கின. தன்மேல் ஒட்டிக் கிடப்பதை மட்டுமே அந்தக் கருவியால் பார்க்க முடிந்தது. ஒரு கண்ணாடியின் கனம் தள்ளியிருந்தாலும் அதற்குக் கண் தெரியவில்லை. பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

அடுத்து வருவதற்குள் இரண்டு சனிக்கிழமைகள் இருந்தன. காரணத்தைச் சொன்னால் அக்காள் தெளிப்பதை நிறுத்திவிடுவார். ஆனால் அவ்வளவு ஆண்டுகளின் சனிக்கிழமைகளையும் எண்ணிப் பார்ப்பார். சொல்லாமற் போனால் தெளித்துக்கொண்டிருப்பார். இனிகோ கிளம்பும்போது, "நான் திரும்பி வர்ற வரைக்கும் படத்துக்குத் தண்ணி தெளிக்காதக்கா. கண்ணாடி ஈரமா இருந்தா மெஷினு படிக்காது," என்றார்.

"தொடச்சாக்கூடவா?"

"தொடச்சாக்கூட."

ராயம்மாள் தீர்த்த பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். "சரி," என்றார்.

மறுநாள் இனிகோ ஒரு கண்ணாடித் துண்டையும் நாட்காட்டித் தாளையும் எடுத்துக்கொண்டு மாதவராஜின் கடைக்குப் போனார். பழைய ஸ்கேனரின்மேல் இருந்த டம்ளரை அவரே எடுத்து ஓரமாக வைத்தார். அந்தக் கருவியின் வயிற்றுக்குள் எதிரொளிக்கும் சிறு கண்ணாடிகளும் ஒரு லென்சும் இருந்தன; ஆகையால் சற்று எட்ட இருப்பதும் அதன் பார்வைக்குள் வந்தது. இடையே கண்ணாடி இருந்தபோதும் தாளின் எழுத்துகள் படிக்கும்படி வந்தன.

"பழசு வேணும்னு புதுசக் குடுக்கறவர இப்பத்தாங்க பாக்கறேன்," என்றார் மாதவராஜ். "இனிமே டீய எங்க வெக்கறது?"

"புதுசும்மேல வைங்க. அதுக்கு அது போதும்."

இரண்டாம் முறை இனிகோ பேருந்தில் போகாமல் ஆட்டோ பிடித்துப் போனார். ராயம்மாள் பாட்டிலை எடுக்கவில்லை; படத்துக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பழைய விளக்கு சூடேறச் சிறிது நேரம் பிடித்தது. போர்வைக்கு அடியில் வெளிச்சம் முனகிக்கொண்டே நகர்ந்தது. பிறகு திரையில் மேலிருந்து கீழாகச் சவரிராயன் வரத் தொடங்கினார்.

முதலில் படிய வாரிய தலைமுடி வந்தது. நெற்றி வந்தது. கண்கள் வந்தன, அவற்றுள் ஸ்டுடியோ விளக்குகள் இரண்டு வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிந்தன. மூக்கும் மீசையும் முழுமையாக வந்தன. அதற்குக் கீழே படம் மாறியது. சட்டையின் கழுத்துப்பட்டை இல்லை. மோவாயின் பாதி இல்லை. வாயின் வலது ஓரம் மீசைக்கு அடியில் கரைந்து போயிருந்தது. அந்த இடங்களில் பழுப்பு நிறக் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, வளைந்து வளைந்து கிடந்தன. ஆண்டாண்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியதால், சுவரில் மங்கித் தொங்கிய படத்தில் யாரும் அதைக் கவனித்ததில்லை.

ராயம்மாள் முதலில் கண்களைத்தான் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை நீட்டித் திரையைத் தொடாமல் கீழே காட்டினார்.

"என்னா இது கோடு?"

"கற."

"ஏரியில தண்ணி வத்துனா கரையில இப்படித்தான் கோடு வுழும்." அவர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். "மேலருந்து ஒழுவல. அடியிலருந்து ஏறியிருக்குது."

இனிகோ படத்தைச் சேமிக்கும் வேலையில் இருந்தார்.

"நான் தெளிச்சதா?"

"ஆமாக்கா."

"போன தடவையே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதான் மெஷினு படிக்காதுன்னியா? பொய் சொல்றதுலகூட ஒனக்கு ஒரு கணக்குப்புள்ள புத்தி." அவர் குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. "நான் தெளிக்காம இருந்திருந்தா இந்த வாயி இருக்குமா?"

இனிகோ யோசித்தார். "இருக்கும்."

வெளியே மாடு கத்தியது. ராயம்மாள் எழுந்து போய் அதற்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வலப்பக்கந்தான் போச்சு," என்றார் இனிகோ. "இடப்பக்கம் நல்லாயிருக்குது. அத அப்படியே திருப்பி ஒட்டிக் கம்ப்யூட்டருலயே சரி பண்ணிரலாம். பட்டறையிலயே செய்வாங்க. பாத்தா யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமில்ல?"

"ஒனக்குத் தெரியும்."

"அப்பறம் அவரு வாய நீ எதுக்குடா வரையற? அவரே ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சிரிக்க மாட்டாரு. இருக்கறத அனுப்பு."

"கல்லுல அந்த எடம் வெறுமையா நிக்கும்க்கா."

"நிக்கட்டும்."

இனிகோ அவ்வாறே அனுப்பினார். படத்தை மூன்று இடங்களில் சேமித்து வைத்தார். கண்ணாடியோடு ஒட்டியிருந்த படத்தை ராயம்மாள் துணியில் சுற்றிப் பீரோவின் மேல்தட்டில் வைத்தார். சுவரில் அந்த இடத்தில் வேறு எதையும் மாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கல்லறைத் திருநாளன்று மாலை, சுண்ணாம்பு அடித்த கல்லறைகளின்மேல் சாமந்தியும் மெழுகுவத்திகளும் நிறைந்திருந்தன. சவரிராயனின் கருங்கல் இரண்டு நாட்களுக்கு முன்புதான் பதிக்கப்பட்டிருந்தது. கண்கள் நன்றாகவே வந்திருந்தன. வாயின் வலது ஓரமும் அதன் கீழும் கல்லின் பளபளப்பு அப்படியே இருந்தது. உளி அங்கே போகவில்லை. பங்குத்தந்தை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு கடந்து போனார்.

பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த சில்வியா, ராயம்மாளின் தெருவிலேயே குடியிருப்பவர், மெழுகுவத்தியை உயர்த்திப் பார்த்தார்.

"கண்ணு அப்படியே அண்ணன் கண்ணுதாங்க அக்கா. இந்த ஓரத்த மட்டும் ஏன் செதுக்காம வுட்டுட்டாங்க? காசு வாங்கிக்கினு அரகுறையா செஞ்சிட்டாங்களா?"

இனிகோ ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பட்டறக்காரரு மேல தப்பில்ல," என்றார் ராயம்மாள். "படத்துல அது தீர்த்தம் பட்ட எடம்."

சில்வியா குனிந்து, கல்லின் அந்த வெறுமையான மூலையை விரல் நுனியால் தொட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களும் அவ்வாறே செய்ய முன்னே வந்தார்கள். இனிகோ அக்காளைப் பார்த்தார். ராயம்மாள் அவர்களுக்கு வழிவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.