பழைய இரும்புக்கான தோட்டா

தம்பி வெர்ல் வாங்கி வந்த தோட்டாப் பெட்டியைச் சமையலறை ஜன்னலருகே கொண்டுபோய், ஆர்டித் அதன் பின்பக்கத்தை இன்னொரு முறை படித்தாள். அப்பாவின் ரிவால்வருக்கு உரிய அதே அளவுதான். தோட்டா போடும் உருளைக்குள் ஒழுங்காகப் போய் உட்காரும். அதுதான் வம்பு. உள்ளே இருப்பது இந்தக் காலத்துக் கனத்த துப்பாக்கிகளுக்கான முரட்டு வெடிமருந்து. பழைய துப்பாக்கியில் போடக்கூடாது என்று பெட்டியிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பொடி எழுத்தைப் படிக்கிற ஆளா வெர்ல்?

வாசலில் வண்டிகள் வந்து நின்றுகொண்டிருந்தன. வயோமிங்கில் யார் செத்தாலும் அக்கம்பக்கத்திலிருந்து சுட்ட பன்றித்தொடை வந்துவிடும். மேசையில் இடமில்லாமல் ஒன்று அடுப்பின் மேல் ஏறியிருந்தது. ஆர்டித் ஏற்கெனவே கழுவிய தட்டுகளை மறுபடி கழுவினாள். ஜன்னலுக்குப் போனாள், திரும்பினாள். அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

அவர்கள் லின்டல் குடும்பத்தில், குழியில் முதல் மண் விழும் முன் செத்தவரின் துப்பாக்கியை எடுத்து, மகன் மலைச்சரிவைப் பார்த்து ஒருமுறை சுட வேண்டும். தாத்தாவுக்கு அப்பா சுட்டார். இன்று அப்பாவுக்கு வெர்ல். ஐம்பதை நெருங்கும் அவன் அந்த ரிவால்வரைத் தொடப் போவது இதுதான் முதல் தடவை. கன்றுகளைக் கயிறு வீசிப் பிடிக்கவும் வேலி கட்டவும் மகன் வேண்டும், துப்பாக்கியைத் தொட மட்டும் கூடாது. அப்பா, ஹோபர்ட் கிழவர், அப்படித்தான்.

அது கொள்ளுத்தாத்தா காலத்து இரும்பு. போன வருஷம் துப்பாக்கி பழுது பார்ப்பவர் முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டு, சுடலாம், ஆனால் வீரியம் குறைந்த பழங்காலக் கருமருந்து அடைத்த ஈயக்குண்டைத் தவிர வேறெதையும் போடாதீர்கள், உருளை வெடித்துவிடும் என்று சொல்லி அனுப்பினார். அப்பா தானே அடைத்த தோட்டாக்கள் கொட்டகையில் ஒரு காபி டப்பாவில் கிடந்தன. மேலே எதுவும் எழுதவில்லை. கை நடுங்கிய நாட்களில் எதை எவ்வளவு அடைத்தாரோ என்று ஆர்டித் அந்தப் பக்கமே போகவில்லை. காலையில் டவுனுக்கு வண்டியை விரட்டி, கருமருந்துத் தோட்டா ஒரு பெட்டி வாங்கி வந்தாள். அது அவள் கோட்டுப் பையில் இருந்தது.

வெர்லிடம் சொல்லிப் பார்த்தாள். அளவு சரியாகத்தானே இருக்கிறது என்றான். அப்பாவைப் பொம்மைத் துப்பாக்கிச் சத்தத்தோடா அனுப்புவது என்று கேட்டான். தான் வாங்கிய பெட்டியை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவளிடம் இன்னும் ஒன்று இருந்தது. சாகும் முன், செவ்வாய்க்கிழமை அப்பா சொன்னது. அதை அடக்கத்தன்று எப்படிச் சொல்வது? ஏற்கெனவே நொந்து கிடப்பவன்.

குழியருகே போதகர் ஜெபத்தை முடித்தார். வெர்ல் ரிவால்வரை எடுத்துத் தோட்டாக்களைப் போட ஆரம்பித்தான். ஆர்டித்தின் கால்கள் அவளைக் கேட்காமலே நடந்தன. அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம், வெர்ல்."

வந்தவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லார் முன்னாடியுமா, ஆர்டி?" அவன் குரல் தாழ்ந்திருந்தது. "அப்பா பண்ணினது போதாதா?"

"செவ்வாக்கிழமை அப்பா உன்னைப் பத்திப் பேசினாரு."

அவன் கை நின்றது. "என்னன்னு?"

நல்லதாக ஒன்றைக் கட்டிச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஒன்றும் வரவில்லை.

"அந்த மடையன் கடையில இருக்கிறதுலயே முரட்டுத் தோட்டாவாப் பாத்து வாங்கிட்டு வருவான், போட விடாதே, கை போயிடும்னாரு."

"யாரு கை?"

"உன் கைதான். கயிறு வீசுற கையாச்சே, அது போச்சுன்னா பய என்ன பண்ணுவான்னாரு."

வெர்ல் குழியைப் பார்த்தான்.

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல. தண்ணி கேட்டாரு."

அவன் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தான். உருளையைச் சுற்றி, போட்ட தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தொப்பிக்குள் போட்டான். பிறகு அக்காவின் பக்கம் உள்ளங்கையை நீட்டினான். அவள் தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள். அதை அவன் புரட்டிப் பார்த்தான், அடியில் பொறித்திருந்த எழுத்தைக்கூடப் படித்தான்.

சுட்டான். சத்தம் கனமாகச் சரிவில் மோதித் திரும்பியது. வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்து அவனை மூடிக்கொண்டது. அன்றைக்கென்று காற்றே இல்லை. மண்வெட்டியோடு முன்னால் வந்த பக்கத்துப் பண்ணைக்காரரின் சட்டைக் கையை ஆர்டித் பிடித்தாள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள்.

புகை மெல்ல விலகியது. வெர்ல் திரும்பவில்லை. ரிவால்வரை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கை விரல்களை விரிப்பதும் மடக்குவதுமாகச் சரிவைப் பார்த்தபடியே நின்றான்.