வடிகட்டும் குழிக்கு விட்ட இடம்

ஆலங்குடிக்குப் பக்கத்தில் ரத்தினவேலின் தென்னை நார் மில். அங்கே சுற்றுச்சூழல் கொள்கை எழுதும் வேலை ஆபீஸ் பொறுப்பிலிருந்த ஜெனிபர் தலையில் விழுந்தது. நார் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி கேட்டிருந்தது. கொள்கையும் திட்டமும் இல்லாவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது.

ஜெனிபருக்கு அதில் ஒரு பக்கம்தான் முக்கியம். மட்டை ஊறிய பழுப்புத் தண்ணீர் தொட்டியிலிருந்து வழிந்து கண்மாய்க்குப் போகிறது. அதில் மாடுகூட வாய் வைப்பதில்லை. கிழக்கு மூலையில் மணலும் ஜல்லியும் போட்டு வடிகட்டும் குழி அமைத்தால், தண்ணீரைத் திரும்ப மட்டைக்கே விடலாம். மழைக்கு முன் தோண்டியாக வேண்டும் என்று எழுதி, இடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டும் வைத்தாள்.

"நல்லா எழுதியிருக்கம்மா. குழிய மட்டும் அடுத்த வருசம்னு போட்டுரு" என்றார் ரத்தினவேல்.

"மழை இந்த வருசமும் பெய்யுமே சார்."

"அது வருசா வருசம் பெய்யுதுல்ல."

அவள் தேதியை மாற்றவில்லை. திருத்தித் திருத்தி அச்செடுத்துக் கொண்டுபோனபோதெல்லாம், முதல் பக்கத்தில் தன் படம் இன்னும் கொஞ்சம் பெரிதாக வரலாமே என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தால், வாசலில் வாழைமரம் வாடிக்கிடந்தது. முந்தின நாள் மரம் நடும் விழாவாம். சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளேயே வரிசையாக வேப்பங்கன்றுகள்.

"கோடு போட்டிருந்துச்சா, நடுறதுக்குத்தான்னு நெனச்சுட்டோம் பாப்பா" என்றாள் மட்டை சுமக்கும் கண்ணாத்தாள். "போட்டோவுக்கு வெளிச்சமும் அங்கிட்டுத்தான் நல்லா விழுந்துச்சு."

ஜெனிபர் நேரே முதலாளி அறைக்குப் போனாள். "சார், அது குழிக்கு விட்ட இடம்."

"இப்பத் தெரியுது. என்ன செய்யச் சொல்ற? வளாகத்துல ஒரு மரத்தையும் அழிக்க மாட்டோம்னு நீதான எழுதுன. நான் கையெழுத்தே போட்டுட்டேன்."

எழுதியவள் அவள்தான். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? வெளியே வந்து மண்வெட்டியை எடுத்தாள். முதல் கன்றைத் வேர்மண்ணோடு பெயர்த்தாள்.

"மொதலாளி வையப் போறாரு பாப்பா."

"அழிக்கலக்கா. வேலியோரமா மாத்தி நடுறேன்."

கண்ணாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த கன்றுக்குக் குனிந்தாள்.

மூலை வெறுமையானதும் ஜெனிபர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. கோட்டுக்குள் நின்று தோண்ட ஆரம்பித்தாள். ரத்தினவேல் வந்து பார்த்தார்.

"கையாலயா தோண்டி முடிக்கப் போற?"

"நீங்க ஜேசிபிக்குச் சொல்ற வரைக்கும் சார்."

அவர் போனை எடுக்கவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை.