இயல்பான மூச்சு

குழந்தைகள் காப்பகத்தில் அன்று காலை என் மகளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். சளி பிடித்த பிள்ளையைச் சேர்த்தால் மற்ற பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். வேறு நாளாக இருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன். அன்று எனக்கு மருத்துவத் தொழில்நுட்ப முதுகலையின் இறுதித் தேர்வு. ஒரு முறை இவளுக்கு அம்மை, இன்னொரு முறை எனக்குக் காய்ச்சல் என்று ஏற்கெனவே தள்ளிப்போட்டாயிற்று. இனியும் தள்ளினால் பதிவே ரத்து என்று துறையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பட்டம் வந்தால் ஓர் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை காத்திருந்தது. வராவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. இவளுடைய அப்பா புதுக் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார். மகராசனாக இருக்கட்டும், அவர் வாசலில் போய் நான் நிற்கமாட்டேன்.

ஒரு தோளில் லேப்டாப், மறு தோளில் வாண்டு என்று பஸ் பிடித்தேன். அஞ்சு வயசுதான், ஆனால் நல்ல கனம். வழியெல்லாம் என் கழுத்தில் சூடாக மூச்சு விட்டுக்கொண்டே வந்தாள். நான் பேச வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

நான் செய்தது பொத்தான் அளவில் ஒரு கருவி. குழந்தையின் நெஞ்சில் ஒட்டினால் மூச்சுச் சத்தத்தைக் கேட்டு, சரியாக இருந்தால் திரையில் பச்சையும் திணறினால் சிவப்பும் காட்டும். எது திணறல், எது இயல்பு என்று அதற்கு முதலில் நாம்தான் கற்றுத்தர வேண்டும். நோயுள்ள பிள்ளைகளின் மூச்சு ஆஸ்பத்திரியிலிருந்து கிடைத்தது. நல்ல மூச்சுக்குத்தான் பஞ்சம். நன்றாக ஓடியாடும் பிள்ளையை எந்தத் தாய் ஆய்வகத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பாள்? என் வீட்டில் ஒருத்தி இருந்தாள். சோறு வேகும்போதும் துணி ஊறும்போதும் அவள் நெஞ்சில் ஒட்டி, மாதக்கணக்கில் பதிந்தேன்.

தேர்வு அறையில் அவளைக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் திரையில் படம் படமாகக் காட்டி விளக்கியதை வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இங்கேதான் ஒரு குழந்தை இருக்கிறதே, நேரடியாகக் காட்டுங்கள் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒட்டினேன். பச்சை. தேர்வாளர் தலையாட்டினார். அவளிடம் எத்தனை வயசு என்று கேட்டார்.

"எனக்கு... அஞ்சு... வயசு."

ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. தோள் ஏறி ஏறி இறங்கியது. தொண்டைக் குழி உள்ளே இழுத்தது. திரையில் பச்சை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் நோய் என்று எழுதித் தராத பிள்ளையை ஆரோக்கியமான பிள்ளையாகக் கொள்ளலாம் என்பது எங்கள் ஆய்வின் விதி. இவளை டாக்டரிடம் கூட்டிப்போக எனக்கு நேரம் வாய்த்ததே இல்லை. அதனால் எவரும் எதையும் எழுதித் தரவில்லை. அவள் மூச்சில் எப்போதும் வரும் விசில் சத்தத்தைச் சளி என்று நினைத்து, கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போயிருந்தது. அதையே இயல்பு என்று கருவிக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

என் முகம் வெளிறியதை என் ஆய்வுக்கு வழிகாட்டிய புரொபசர் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, "ரெண்டு படம்தான் பாக்கி, முடிச்சுட்டுப் போயிடுங்க" என்றார்.

நான் ஒரு படம் காட்டினேன். பெற்ற பிள்ளை அங்கே திணற, நின்று நிதானமாக விளக்கினேன். எப்படி முடிந்தது என்று இப்போதும் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது அவள் உதடு நிறம் மாறியிருந்தது.

"இது தப்பா காட்டுது சார். என் பொண்ணுக்கு மூச்சு முட்டுது."

அவளை வாரிக்கொண்டு ஓடினேன். லேப்டாப்பைப் பிடுங்கி எடுத்தது எப்போது என்று நினைவில்லை. அவசரப் பிரிவில் அவளுக்கு மருந்துப் புகை வரும் முகமூடியை மாட்டினார்கள். தேர்வாளர் கிளம்பிவிட்டார் என்று புரொபசரிடமிருந்து செய்தி வந்தது. படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சின்ன வயசு டாக்டர் ஒருத்தி என் மகளின் நெஞ்சில் வெகுநேரம் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். இருமல் வந்தால் அடக்காமல் இருமிவிட வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"இது இன்னைக்கு வந்ததில்லம்மா. பல மாசமா இருந்திருக்கும். வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

"கவனிச்சேன் டாக்டர். எல்லாத்தையும் பதிவு பண்ணி வெச்சிருக்கேன்."

டாக்டர் நம்பாமல் பார்த்தாள். நான் லேப்டாப்பைத் திறந்து கைக்கு வந்த ஒரு பதிவை ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் அந்த விசில். பிறகு ஓர் இருமல். உடனே என் குரல், கெஞ்சலும் எரிச்சலுமாக: "இருமாதடி கண்ணு. பதிவு கெட்டுப்போகுது. கொஞ்ச நேரம் அடக்கிக்கோ."

கட்டிலில் முகமூடியோடு கிடந்தவள் அதைக் கேட்டாள். வாயை இறுக மூடிக்கொண்டு, என்னையே பார்த்தபடி, வந்த இருமலை அடக்கினாள்.