ஆகஸ்ட் ஒன்பதாம் தேதிக்கான தியானம்

என் தகப்பனார் குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் இப்போது இதை நம்புகிற ஒரே ஆள் நான்தான்.

அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, எள்ளளவு திருகாணிகளை எடுத்துப் பொருத்துவார். சாகிற மாதம்வரை அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் ஆளாக வந்து ஜன்னல்களைத் திறந்துவைப்பார். ஒருவரிடமும் கடுஞ்சொல் பேசியதில்லை. சொல்லப்போனால், அதிகமாகப் பேசியதே இல்லை.

என் தம்பி போதகர். வீட்டில் அவனுக்குக் குட்டி என்று பெயர். தலை நரைத்த பிறகும் அம்மாவுக்கு அவன் குட்டிதான். பேச்சில் கெட்டிக்காரன். அவன் மைக்கைப் பிடித்தானென்றால் முன்வரிசைக் கைக்குட்டைகள் தாமாக வெளியே வந்துவிடும். அவன் ஒரு தினதியானப் புத்தகம் எழுதினான். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். மேலே வசனம், நடுவே சிந்தனை, கீழே இரண்டு வரி ஜெபம். அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தும் வேலையை என்னிடம் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தியே ஓய்வு பெற்றவன் நான். குடும்பத்தில் ஒருவன் புத்தகம் போடுகிறான் என்ற பெருமையோடுதான் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதிவரை அந்தப் பெருமை இருந்தது.

அந்தப் பக்கம் இப்படித் தொடங்கியது: "என் தகப்பன் ஒரு குடிகாரர். இரவில் கதவை உதைத்துக்கொண்டு வருவார். அம்மா அண்ணனையும் என்னையும் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைப்பாள்." அதன்பின், சிறுவனான போதகர் பாட்டிலின் முன் முழங்காலிட்டு ஜெபிக்கிறார். மறுநாள் தகப்பன் அந்தப் பாட்டிலைத் தன் கையாலேயே உடைக்கிறார். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கட்டில். அதன் அடியில் அப்பா பழைய சுவர்க்கடிகாரங்களை அடுக்கிவைத்திருப்பார். பூனைகூட நுழைய முடியாது.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சபை அலுவலகத்துக்குப் போனேன். தம்பி மேசைமுன் உட்கார்ந்திருந்தான்.

"குட்டி, இது யார்?"

"எது அண்ணா?"

"ஆகஸ்ட் ஒன்பது."

பார்த்தான். முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. "அது ஒரு சாட்சி அண்ணா."

"சாட்சியா? யார் பாத்த சாட்சி?"

"உக்காருங்க. நான் முதல்ல எழுதிக் குடுத்ததைப் பதிப்பகக்காரர் திருப்பி அனுப்பிட்டார். எல்லாம் நல்லாருக்கு, ஆனா இதுல யாருமே விழுந்து எழுந்திருக்கலையேன்னார். நம்ம வீட்ல யாருமே விழலை. நான் என்ன பண்றது? நீங்களாவது ஒரு தடவை விழுந்திருந்தா உங்களைப் போட்டிருப்பேன்."

"அதுக்காக அப்பாவைப் பிடிச்சுத் தள்ளிவிட்டியா?"

"இதைப் படிச்சு நிஜமாவே குடிக்கிறவன் ஒருத்தன் திருந்தினா?"

"அவன் திருந்தறதுக்கு நம்மப்பா குடிக்கணுமா?"

அவன் பேனாவை மூடித் திறந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் முழுக்க இட்டுக்கட்டலை அண்ணா. எனக்கு ஞாபகம் இருக்கு. அப்பா பக்கத்துல போனா ஒரு வாசனை வரும். மேசைக்குக் கீழ பாட்டில் இருக்கும்" என்றான்.

"அது பல்சக்கரம் கழுவற ஸ்பிரிட்டுடா, மடையா."

பேனாவை மேசைமேல் வைத்தான். உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஆனா பாட்டில் இருந்துச்சுல்ல?" என்றான்.

அங்கிருந்து நேரே பதிப்பகத்துக்குப் போனேன். மாடியில் இரண்டு அறைகள். கூரைவரை கட்டுக்கட்டாகப் புத்தகங்கள். அவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்தில் பதிப்பகக்காரர் உட்கார்ந்திருந்தார். மரியாதை தெரிந்த மனிதர். எழுந்து நாற்காலி போட்டார். அந்தப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"எடுத்துடலாம் ஐயா. ஆனா ஒரு நாளைக் காலியா விட முடியாதே. எட்டாம் தேதிக்கு அப்புறம் பத்தாம் தேதின்னு போட்டா, ஒன்பதாம் தேதி நாங்க ஜெபம் பண்ண வேண்டாமான்னு கேப்பாங்க. நீங்களே ஒரு பக்கம் எழுதித் தாங்க. தமிழ் வாத்தியார்தானே?"

தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டார். அவனும் சரி என்றுவிட்டான். அவன் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எழுதினேன். கற்பனை செய்ய ஒன்றும் இல்லை. ஒரு வாடிக்கையாளரின் கைக்கடிகாரத்தைச் சரிசெய்து கொடுத்து அனுப்பிய பிறகு, ஒரு திருகைத் தவறாக முடுக்கிவிட்டோம் என்று அப்பாவுக்கு நினைவு வந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உரியவருக்கு ஒன்றும் தெரியாது. அப்பா மழையில் நனைந்துகொண்டு அவர் வீட்டைத் தேடிப் போய், "பிழை என்னுடையது" என்று சொல்லி, வாசலில் நின்றபடியே திருத்திக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று அவரோடு நானும் போயிருந்தேன். அதைத்தான் எழுதினேன்.

பதிப்பகக்காரர் இரண்டு முறை படித்தார்.

"தமிழ் சுத்தமா இருக்கு ஐயா. ஆனா இவர் ஏற்கெனவே நல்லவரா இருக்காரே. இதுல ஆண்டவருக்கு என்ன வேலை?"

"அவரைக் கடைசிவரைக்கும் நல்லவராவே வச்சிருந்தாரே, அது வேலை இல்லையா?"

அவர் தயவாகத்தான் சிரித்தார். "அது கண்ணுக்குத் தெரியாத வேலை ஐயா" என்றார்.

புத்தகம் வெளிவந்தது. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் என் தகப்பனார் கதவை உதைத்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி காலமான பிறகு அம்மாவும் நானும்தான் வீட்டில். அம்மாவுக்குக் கண்ணில் புரை. காலையில் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். மகன் எழுதிய புத்தகம் என்பதால் ஒரு நாள் தவறினாலும் விடமாட்டாள். அந்தத் தேதி வந்தபோது அடுத்த நாள் பக்கத்தை வாசித்தேன். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தப்பித்தோம் என்று இருந்தேன்.

சாயங்காலம் சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா. உள்ளே வரும்போதே கண்கள் சிவந்திருந்தன. நான் டீ போடச் சமையலறைக்குப் போனேன்.

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை வெளியில சொன்னதில்லையே அம்மா நீங்க" என்றது நர்ஸம்மாவின் குரல்.

"என்னத்தைச் சொல்லணும்?" என்றாள் அம்மா.

நர்ஸம்மா கையோடு கொண்டுவந்திருந்த புத்தகத்தை விரித்து, பக்கம் முழுவதையும் உரக்க வாசித்தார். கதவு, கட்டில், பாட்டில், எல்லாம் வந்தன. நான் அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அம்மா இப்போது ஒரு போடு போடுவாள், நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு போவார்கள் என்று காத்திருந்தேன்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"பிள்ளைங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எவ்வளவோ பாத்தேன்" என்றாள் அம்மா.

அவர்கள் போன பிறகு அம்மாவின் எதிரில் போய் நின்றேன்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"நான் என்ன சொன்னேன்? அவன் எழுதியிருக்கான்."

"பொய்ம்மா அது."

"இல்லைன்னு சொன்னா குட்டி பொய்யன்னு ஆயிடும். அவனை மேடையில ஏத்தி வச்சிருக்காங்க. நான் போய் இறக்கவா?"

"அப்பாவை இறக்கலாமா?"

"அவர் போய்ச் சேந்துட்டார். அவருக்கு இனிமே என்ன?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குடிச்சிருந்தா ஒரு நாளாவது சத்தம் போட்டிருப்பாருடா பெரியவனே. அந்தக் கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு உக்காருவார். நான் பக்கத்துல வந்து நிக்கறதுகூடத் தெரியாது. ஏதாவது கேட்டா ம் ம்னு ஒரு சத்தம். ஆயுசு முழுக்க அதோட குடும்பம் நடத்தியாச்சு. அதை யார்கிட்ட சொல்லி அழறது? தங்கமான மனுஷன்னு ஊரே சொல்லிடுச்சு. இன்னிக்குத்தான் நாலு பேர் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

பேசாத மனிதர் வேறு, குடிகாரர் வேறு. இரண்டையும் ஒரு தட்டில் வைக்க நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன். அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அப்பா வாரத்துக்கு வாரம் மோசமானார். புத்தகத்தில் இல்லாததெல்லாம் சேர்ந்துகொண்டது. அம்மாவின் கம்மலை விற்றுக் குடித்தார். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தார். வருகிற பெண்கள் கேட்கக் கேட்க அம்மாவுக்கு நினைவு வந்துகொண்டே இருந்தது. நாற்காலியிலிருந்து எழவே சிரமப்பட்டவள், தலையை வாரிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்காரத் தொடங்கினாள். எத்தனையோ வருடங்களில் அவளை அவ்வளவு தெம்பாக நான் பார்த்ததில்லை. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

புத்தகம் இரண்டாம் பதிப்பு கண்டது. அதற்கு நன்றி சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தார்கள். குட்டி அம்மாவைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிப்போனான். அம்மா மைக்கில் சில வார்த்தைகள் சொன்னாள். கைக்குட்டைகள் வெளியே வந்தன. உடனே குட்டி என்னைப் பார்த்தான்.

"அந்த ராத்திரியில என்னோட கட்டிலுக்கு அடியில இருந்தவர் என் அண்ணன். அண்ணா, எழுந்து நில்லுங்க. சபை உங்களைப் பாக்கட்டும்."

எழுந்தேன். அத்தனை தலைகளும் திரும்பின. மேடையில் அம்மா, பார்வை தெரியாத கண்களை நான் இருக்கும் திசையில் வைத்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்துவிட்டிருந்தால் போதும், ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"எங்கப்பா ஒரு நாளும் குடிச்சதில்லை" என்றேன். "நாங்க எந்தக் கட்டிலுக்கு அடியிலயும் ஒளிஞ்சதில்லை."

குட்டி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனைப் பார்ப்பதுபோலப் பார்த்து, மைக்கில் மெதுவாகச் சொன்னான்:

"சில காயங்கள் இன்னும் ஆறலை. அண்ணனுக்காக ஜெபிப்போம்."

சபை முழுவதும் கண்ணை மூடியது. பின்வரிசையிலிருந்து ஒரு கை நீண்டு என் தோளில் அமர்ந்தது. நான் சொன்னதை ஒருவர்கூட வார்த்தையாக எடுத்துக்கொள்ளவில்லை, வலியாக எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அம்மா பெட்டியைக் கட்டச் சொன்னாள். "நாலு பேர் முன்னால என்னைப் பொய்க்காரியாக்கிட்ட. குட்டி வீட்ல போய் இருக்கேன்." நானே சேலைகளை மடித்துவைத்தேன். வாசலில் கார் நின்றது. தம்பி மனைவி இறங்கிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வருடப் புத்தகமும் வந்துவிட்டது. அதில் ஒரு பக்கத்தில், இறந்துபோன தகப்பனை மன்னிக்க முடியாமல் நெஞ்சு இறுகிப்போன ஒரு பெரியவர் வருகிறார். பெயர் இல்லை. பெயர் தேவையும் இல்லை. கடைத்தெருவில் என்னைக் கண்டவர்கள் குரலைத் தாழ்த்தி நலம் விசாரிக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர்கூட, "பாரத்தை இறக்கி வச்சிருங்க சார்" என்றார்.

போன வியாழக்கிழமை நர்ஸம்மாவும் மற்றவர்களும் என் வீட்டுக்கு வந்தார்கள். வீடு தேடி வந்தவர்களை வாசலோடு அனுப்புவது எங்கள் குடும்பத்தில் கிடையாது. நாற்காலிகளைத் துடைத்துப் போட்டேன். நர்ஸம்மாவை அனுப்பியிருந்தது அம்மாதான்.

"உங்க அம்மா ராத்திரியெல்லாம் பெரியவன் சாப்பிட்டானா, பெரியவன் சாப்பிட்டானான்னு கேட்டுட்டே இருக்காங்க ஐயா. உங்க நினைப்புதான். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்பாவை மன்னிச்சிட்டேன்னு. நாளைக்கே இங்க வந்துடறேன்னு சொல்லிவிட்டிருக்காங்க."

அம்மாவின் அறை திறந்துதான் கிடந்தது. கட்டிலில் விரிப்பை மாற்றி வைத்திருந்தேன். அவர்கள் பார்வை அங்கே போய்த் திரும்பியதையும் கவனித்தேன்.

"அப்பாவை மன்னிக்க எனக்கு ஒண்ணுமில்லையேம்மா" என்றேன்.

நர்ஸம்மா பெருமூச்சு விட்டார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். வாசல்வரை போய் வழியனுப்பினேன். அம்மாவையும் தம்பியையும் மன்னித்தாயிற்றா என்று ஒருவரும் கேட்கவில்லை.